பிராட்டெனைப் பிடிக்க வைத்தவள்

லோவல் பிராட்டென் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றபோது நாற்பத்தொரு மாநிலங்கள் அவரைக் கைவிட்டன. சொந்த மாநிலமான மினசோட்டாவும் அதில் ஒன்று. போதாததற்கு, அவர் பிறந்து வளர்ந்த டுலூத் பக்கத்து மாவட்டமே அவருக்கு எதிராக விழுந்தது. ரேலீன் கோஸ்கிக்கு மாநிலத்தைவிட மாவட்டம்தான் அதிகம் வலித்தது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் அவளுடைய மாமியார், அவளுடைய பல் டாக்டர், மாதம் ஒருமுறை அவளுக்கு முடி வெட்டிவிடும் பெண். யார் போடவில்லை என்று முகத்தைப் பார்த்தே அவளால் சொல்ல முடிந்தது. முடி வெட்டும் இடத்தை மாற்றிக்கொண்டாள்.

ரேலீனுக்கு அப்போது ஐம்பது வயது. துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் தொழிலாளியின் மகள். முப்பத்தொரு வயதில் பிராட்டெனின் செனட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பதுதான் அவள் வேலை. அவர் கோபத்தில் சொன்னதை நிதானத்தில் சொன்னதாக மாற்றி அனுப்புவதும், அவர் நாற்பது நிமிடம் பேசியதை நான்கு வரியாக்குவதும் பத்தொன்பது வருடமாக அவள் கைக்கு வந்த கலை. அவர் நேர்மையானவர், எதையும் முழுதாகப் படிப்பவர், யாரையும் ஏமாற்றாதவர். ஆனால் அவரைப் பார்த்தால் மக்களுக்கு ஏனோ வீட்டுப்பாடம் செய்யாத நினைவு வந்துவிடும்.

தோற்ற இரண்டாவது மாதமே கட்சிக்காரர்கள் வாஷிங்டனிலிருந்து ஸ்லோன் என்ற பெண்ணை அனுப்பினார்கள். தோற்றவர்களுக்குப் புது முகம் வைப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். வந்த அன்றே சுவரில் படம் காட்டி விளக்கினாள்.

"மக்கள் மனசுல இவரு ஒரு ஹெட்மாஸ்டர். நாம இவர அடுத்த வீட்டு மாமாவா ஆக்கணும். ஒரு கட்டம் போட்ட சட்டை, கையில கோடாலி, பின்னாடி பனி. ஒரே ஒரு போட்டோ போதும்."

"எங்க வீட்ல கேஸ் ஹீட்டர்ம்மா" என்றார் பிராட்டென். "நான் விறகு வெட்டி நாப்பது வருஷம் ஆச்சு."

"அது யாருக்கு சார் தெரியும்?"

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டையில் கடை மடிப்பு கலையாமல் இருந்தது. காலரில் ஒரு குண்டூசி மின்னியது. நாடு முழுக்க அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் குண்டூசிக்கு வட்டம் போட்டுச் சிரித்தார்கள். ரேலீனின் கணவன் டென்னிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்ததும் ஆரம்பித்தான்.

"உங்க ஆளு சட்டையில ஊசிய எடுக்கலையாமே? ஆறாங்கிளாஸ் பசங்க பஸ்ல வச்சு ஓட்டுறாங்க."

"சாப்பாட்டப் போட்டுக்கிட்டுப் பேசாம சாப்பிடு."

"நான் என்னடி சொன்னேன்? ஊசி குத்தியிருக்குமேன்னு கவலைப்பட்டேன்."

ஸ்லோன் அடுத்து ஒரு நாயை இரவல் வாங்கி வரலாம் என்றாள். ரேலீன் முதன்முறையாகக் குரலை உயர்த்தி வேண்டாம் என்றாள். அவளுக்கு வேறொன்று நினைவு வந்திருந்தது. சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரியில், அவள் வீட்டுப் பனி தள்ளும் மெஷின் நின்றுபோய், வேலைக்குத் தாமதமாகும் என்று போன் செய்தபோது, செனட்டர் தானே கார் ஓட்டி வந்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் மெஷின் ஓடியது. அவருடைய அப்பா படகு மோட்டார் மெக்கானிக். பதினெட்டு வயதுவரை அவரும் அப்பாவோடு கிரீஸில் கிடந்தவர். ஆனால் அதைப் பற்றி எங்கும் எழுதக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். படித்து மேலே வந்தவருக்கு அந்தக் கிரீஸ் பிடிக்கவில்லை.

டுலூத்தில் ஆர்விட் என்பவர் சனிக்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி நடத்தி வந்தார். புல் வெட்டும் மெஷின், படகு மோட்டார், மர அறுப்பு ரம்பம் என்று எது கெட்டாலும் மக்கள் போன் போட்டுக் கேட்பார்கள். ரேலீன் அவரிடம் பேசி ஒரு மணி நேரம் வாங்கினாள். பிராட்டெனிடம் "ரேடியோ பேட்டி" என்று மட்டும் சொன்னாள். அவர் தன்னுடைய இருநூற்றுப் பன்னிரண்டு பக்க வரித் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் போன் ஒரு பெண்ணிடமிருந்து. பனி தள்ளும் மெஷின் சரியாக ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஐந்து நிமிடம். மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறானாம்.

ஆர்விட் வாயைத் திறப்பதற்குள் பிராட்டென் முன்னால் சாய்ந்தார்.

"கார்புரேட்டரத் தொடாதீங்க. போனக் கையில வச்சுக்கிட்டே கொட்டகைக்குப் போங்க. பெட்ரோல் டேங்க் மூடிய அரைச் சுத்து தளர்த்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

"மூடியவா?"

"மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைச்சுக்கிட்டா காத்து உள்ள போகாது. காத்து போகலன்னா பெட்ரோல் கீழ இறங்காது. போய்ப் பாருங்க, நாங்க காத்திருக்கோம்."

'காத்திருக்கோம்' என்ற வார்த்தையை நாடு அவரிடம் அதுவரை கேட்டதில்லை. கதவு திறக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம், மெஷின் உறுமல். ஐந்து நிமிடம், ஆறு, எட்டு. மெஷின் நிற்கவில்லை. அந்தப் பெண் மெஷினைவிடச் சத்தமாகச் சிரித்தாள். "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். "லோவல்" என்றார் அவர், அவ்வளவுதான்.

அந்த எட்டு நிமிடப் பதிவு பரவி, நாடு முழுக்கக் கேட்டார்கள். டெக்சாஸிலிருந்து, மெய்னிலிருந்து போன் வந்தது. ஆர்விட் ஒவ்வொரு சனிக்கிழமையும் வரச் சொன்னார். ரேலீன் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதாள். பத்தொன்பது வருடத்தில் அவரைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்திருந்த ஏதோ ஒன்று அன்று மற்றவர்களுக்கும் தெரிந்தது.

ஆனால் பிராட்டென் திரும்பும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"வரித் திட்டத்தப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல, பாத்தியா?"

"அவங்க மெஷினப் பத்திக் கேக்கத்தான் போன் பண்ணாங்க சார்."

"எட்டு வருஷம் உழைச்சு எழுதினேன் ரேலீன். மூடிக்காகக் கை தட்டுறாங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பேச்சு. செயின் ரம்பத்துக்கு எண்ணெய் கலக்கும் அளவு சொல்லிக்கொண்டே நடுவில் ஒஹையோவில் தாம் ஏன் தோற்றோம் என்று நுழைத்துவிடப் பார்ப்பார். ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரேலீன் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுவாள். அவர் வேண்டாவெறுப்பாக ரம்பத்துக்குத் திரும்புவார். இரண்டு வருடத்துக்கும் மேல் இப்படியே போனது. அவரை வெறுத்தவர்கள்கூடத் தேவாலய வாசலில் அவர் தோளைத் தட்டினார்கள். ரேலீன் பழைய முடி வெட்டும் கடைக்கே திரும்பிப் போனாள். அங்கே சனிக்கிழமை ரேடியோ ஓடியது.

மூன்றாவது கோடையில் ஸ்லோன் மறுபடி வந்தாள். கையில் கருத்துக்கணிப்பு. நூற்றுக்கு அறுபத்துநான்கு பேருக்கு பிராட்டெனைப் பிடித்திருக்கிறது. நாட்டில் வேறு எந்த அரசியல்வாதிக்கும் அவ்வளவு இல்லை.

"அடுத்த பக்கத்தயும் பாருங்க சார்" என்றாள் ரேலீன். "ஜனாதிபதியா வேணும்னு சொல்றவங்க பத்தொன்பது பேருதான்."

"பிடிச்சவனுக்குப் போடாம வேற யாருக்குப் போடுவாங்க?" என்றார் பிராட்டென்.

"நீங்க அவங்ககிட்ட எதுவும் கேக்கல. அதனாலதான் பிடிச்சிருக்கு. இப்பப் போய் ஓட்டுக் கேட்டா..."

"நீதானே இதெல்லாம் ஆரம்பிச்ச? எதுக்கு ஆரம்பிச்ச? நான் சாகற வரைக்கும் மூடி திருகிக்கிட்டு இருக்கவா?"

உண்மையில் அவரை மறுபடி தேர்தலில் நிறுத்தத்தான் அவளும் ஆரம்பித்திருந்தாள். அந்தக் கண்ணாடி அறையில் அவர் முகம் தளர்ந்து, குரல் இறங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகப் பேசியதைப் பார்த்துப் பார்த்து எப்போதோ அவள் அதை மறந்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாம் சார். இந்தத் தடவ நான் வரல."

அப்படிச் சொன்னவள் மூன்றே வாரத்தில் போனாள். டென்னிஸ் கேட்டான், "வரலன்னு சொன்னியே, என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு அவருக்கு எழுதிக் குடுத்த பேச்சக் கேட்டியா? கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"உனக்கு வேற வேலையே இல்லடி" என்றான் அவன். ஆனால் பெட்டியைக் காரில் தூக்கி வைத்தவனும் அவன்தான்.

வேட்பாளரானதும் சனிக்கிழமை நிகழ்ச்சி நின்றது. ஒருவருக்கு நேரம் கொடுத்தால் எல்லா வேட்பாளருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஆர்விட் வருத்தத்தோடு கையை விரித்தார். பிராட்டெனுக்கு அதில் வருத்தமே இல்லை. வரித் திட்டம் இருநூற்று நாற்பது பக்கமாகியிருந்தது. முதல் பெரிய தொலைக்காட்சிப் பேட்டியில், போன தடவை தோற்றதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. "நான் சொன்னதெல்லாம் சரின்னு கத்துக்கிட்டேன்" என்று தொடங்கிப் பதினொரு நிமிடம் விளக்கினார். ரேலீன் கேமராவுக்குப் பின்னால் நின்று கழுத்தில் கை வைத்து அறுத்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் பிப்ரவரி முதல் வாரம், கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதல் ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ரேலீன் ஒரு சின்ன உணவகத்தில் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பத்தின்மேல் பாகு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, நம்ம லோவல்! என் படகு மோட்டார் இவராலதான் ஓடுது."

"அப்ப செவ்வாக்கிழமை அவருக்குத்தானே?" என்றாள் ரேலீன்.

பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வரித் திட்டத்தின் சுருக்கம் இருந்தது. மெதுவாக அதை மேசையில் வைத்தார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. நல்ல மனுஷன். எதுக்கு இவரு போயி அரசியல்ல சேந்தாரு?"

ரேலீன் வெளியே வந்து பனியில் நின்றாள். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. அவரை அரசியல்வாதி என்றே மக்கள் மறந்துபோகும் அளவுக்கு அவள் வேலை செய்திருந்தாள். இதைவிட நன்றாக அந்த வேலையை யாரும் செய்திருக்க முடியாது. ஒரு பயனும் இல்லை. சிரிப்பு நின்றபின் ஆத்திரம் வந்தது. அவர்மேல், ஸ்லோன்மேல், அந்தப் பெரியவர்மேல், எல்லோரையும்விட அதிகமாகத் தன்மேல். மீதித் துண்டுத்தாளைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அறைக்குப் போனாள்.

பிராட்டென் ஐந்தாவது இடத்தில் வந்தார். முடிவு தெரிந்த மறுநாள் காலை, விமான நிலையத்தில் காபியோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் சுண்டியிருந்தது.

"சரி. இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"நான் ஆரம்பிக்கல சார்."

"கோவமா சொல்றியா?"

"இல்ல. களைச்சுப்போயி சொல்றேன்."

அவர், மன்னிப்பு என்ற சொல் இல்லாமல், அவளுக்குத் தன் காபியில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள்.

ரேலீன் இப்போது மாவட்டச் சாலைத் துறையில் வேலை பார்க்கிறாள். எந்தத் தெருவில் பனி எப்போது அள்ளப்படும், எந்தப் பள்ளம் ஏன் இன்னும் மூடப்படவில்லை என்று மக்களுக்குச் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறாள். பிராட்டென் தாம் தோற்ற கதையை ஒரு புத்தகமாக எழுதுகிறார். ஆர்விட் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் ரேடியோவுக்குத் திரும்பவில்லை.

போன மாதம் ஒரு மதியம் அவளுக்குப் போன் செய்தார்.

"உன்கிட்ட தினமும் நூறு பேரு பேசறாங்களே. என்னப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?"

"பள்ளத்தப் பத்திச் சொல்றாங்க சார்."

"வேற?"

"பள்ளம் மட்டுந்தான்."

அடுத்த லைனில் யாரோ ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருந்தார்கள். உடைந்த சக்கரம், காலையிலிருந்து மூன்றாவது. பிராட்டெனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ரேலீன் அந்த லைனை எடுத்தாள். முடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.