ஆர்லெட்டாவின் வண்டிக்கடியில் ஈரம்

ஆர்லெட்டாவின் வீட்டுவண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்தவன் முகாம் மேலாளர் டுவேன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பேன் மேடம். வண்டில ஏதாவது கெட்டிருந்தா, இடத்தக் காலி பண்ணணும்."

நியூ மெக்சிகோவில் வண்டியையே வீடாக்கி இடவாடகை கட்டும் எங்களைப் போன்றோர் வாழும் முகாம்கள் பத்து வயதைத் தாண்டிய வண்டியைச் சேர்ப்பதில்லை. அவளுடையது 1993இல் செய்தது. பழைய மேலாளர் மனமிரங்கி விட்டுவைத்திருந்தார். இங்கிருந்து துரத்தினால் இருநூறு மைலுக்குள் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

கான்சாஸில் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனியிலும் புயலிலும் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. கணவர் மெரிலுக்கு வந்த புற்றுநோய் முதலில் வீட்டைத் தின்றது, பிறகு அவரை. மிச்சம் இந்த வண்டி. ஊரார் பிள்ளைகளை இத்தனை காலம் பத்திரமாக வீடு சேர்த்தவளுக்கு ஒரு வீட்டை உறுதிசெய்ய முடியாத நாடு, வண்டியின் வயதை மட்டும் துல்லியமாகக் கணக்கிடுகிறது.

கசிவு கழிவறைக் கோப்பையின் பின்புற வால்வில். குளிர் வருமுன் எல்லாரும் குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவோம். கழிவறைக்குத் திறக்கும் குழாய் இல்லை, தண்ணீர் விடும் கால்மிதிதான். அதையும் மிதித்துப் பிடித்தால்தான் வால்வுக்குள் இருக்கும் ஒரு கரண்டித் தண்ணீர் வெளியேறும். ஆர்லெட்டா அதை மறந்துவிட்டாள். ஜனவரியில் அது உறைந்து பிளாஸ்டிக்கை வெடிக்க வைத்தது. மார்ச்சில் மறுபடி தண்ணீரைத் திறந்ததிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளி மதியம் ஆர்லெட்டாவும் பக்கத்து வண்டியிலிருக்கும் நானும் புது வால்வோடு உட்கார்ந்தோம். அந்தக் கழிவறையில் ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவர் இழுக்க வேண்டும். எதிர்வண்டி கார்லிஸ் வாசலில் நின்றாள்.

"ஜெபம் பண்ணு கண்ணு. கர்த்தர் பாத்துக்குவார்."

"மார்ச்லேருந்து பாத்துட்டுத்தான் இருக்காரு. ஜெபம் பண்ற கையால இந்த டார்ச்சப் புடி கார்லிஸ்," என்றேன்.

"உனக்கு நரகத்துல தனி இடம் இருக்கு."

"அங்கயாவது வண்டி வயசு கேக்க மாட்டாங்கல்ல?" தரையில் படுத்தபடியே கேட்டுச் சிரித்தாள் ஆர்லெட்டா. சிரித்துக்கொண்டே டார்ச்சைப் பிடித்தாள் கார்லிஸ்.

கோப்பைக்கும் சுவருக்கும் நடுவே ஆர்லெட்டாவின் மெலிந்த கை மட்டுமே நுழைந்தது. நான்கு திருகாணிகள். மூன்றாவதைத் தவறவிட்டு, தடவித் தேடி எடுத்தாள். அவளுக்குத் திருப்புளி நீட்ட முட்டிபோட்டபோது என் முழங்காலுக்குக் கீழே தரை மெத்தைபோல் அமுங்கியது. மேல் விரிப்பு பளபளவென்று இருந்தது. அடியில் பலகை ஊறிப்போயிருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் முழங்கை ஊன்றிய இடமும் அப்படித்தான் அமுங்கியிருந்தது. அவள் திருப்புளியை வாங்கித் திருகத் தொடங்கினாள். சொன்னால் என்ன செய்ய முடியும்? மணி மூன்றரை.

தண்ணீரைத் திறந்தோம். கழிவறைக் காகிதத்தை வால்வைச் சுற்றிப் பொதிந்து காத்திருந்தாள். பத்து நிமிடம் கழித்துப் பிரித்தாள். பொட்டு ஈரமில்லை.

நாலு மணிக்கு டுவேன் வந்தான். அவள் காகிதத்தை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு. காஞ்சு கெடக்கு."

வாங்கிக்கொண்டான். உள்ளே ஒரு காலெடுத்து வைத்தான். தரை அமுங்கியது. அடுத்த காலை வைக்கவில்லை.

"மேடம்... பலகை போயிருச்சு."

"கசிவு நின்னுருச்சுல்ல டுவேன்?"

"நின்னுருச்சு மேடம்."

"அப்புறம் என்னடா?" என்று கத்தினேன். "தண்ணியத்தான நிறுத்தச் சொன்ன? பலகை மாத்த ஒரு வாரம் குடு!"

"நான் குடுத்தா என் வேலை போயிரும். முதலாளி சட்டம். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை எரித்தது. திட்டுவதற்குக்கூட அங்கே சரியான ஆள் இல்லை. காகிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

காலைக்குள் போக வேண்டும். கார்லிஸ் கண்ணை மூடி முணுமுணுத்தாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆர்லெட்டா வெளியே போய் முகாமின் தண்ணீர்க் குழாயை வண்டியிலிருந்து கழற்றினாள். மலைப்பக்கம் போகிறாளாம், அங்கே இப்போதே இரவில் உறைகிறதாம். உள்ளே வந்து எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டாள். பிறகு கழிவறையின் கால்மிதியை மிதித்து, கடைசிச் சொட்டு வடியும்வரை காலை எடுக்காமல் நின்றாள்.