எக்ஸ்ரே அக்காவும் டாப் மாடலும்

எக்ஸ்ரே அக்கா: பிறப்பு 1960, மறைவு 2024. அரசு மருத்துவமனையின் கதிர்ப்படப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணி. அவற்றுள் முதல் இரண்டு ஆண்டுகள் நடமாடும் வண்டியில். எஞ்சிய முப்பத்திரண்டும் ஒரே அறையில்.

அந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கதிர் வெளியே கசியாதிருக்கச் சுவரிலும் கதவிலும் ஈயத் தகடு பதித்திருந்தார்கள். சன்னல் மருந்துக்கும் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்பதை உள்ளே வரும் நோயாளியின் குடையைப் பார்த்துத்தான் அக்கா தெரிந்துகொள்வார். "நல்லா மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்ற மூன்று கட்டளைகளையும் நாளொன்றுக்கு எண்பது முறையாவது சொல்வார். வீட்டில் பால் பொங்கும்போதும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள் என்று மகள் கேலி செய்வாள்.

நடமாடும் வண்டியில் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அக்கா அதிகம் பேசியதில்லை. காசநோய் கண்டறியும் முகாம்களுக்காக எந்திரங்களை ஏற்றிக்கொண்டு, சாலையே இல்லாத இடங்களுக்கெல்லாம் அந்த வண்டி போகும். பெரிய கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டிக் கம்பி ஒன்று இருக்கும். அதை ஒருமுறை இழுத்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு முறை இழுத்தால் வண்டி ஆமையாக நகரும், யானையாக இழுக்கும். ஒருநாள் முகாமுக்குப் போன இடத்தில் ஓட்டுநருக்குக் கடுங்காய்ச்சல். திரும்பும் வழியிலோ மணல் ஓடை. டாக்டரும் செவிலியர் இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மருத்துவமனை வளாகத்துக்குள் நான்கு சுற்றுச் சுற்றிப் பழகியிருந்த அக்கா ஏறி அமர்ந்து, குட்டிக் கம்பியை இழுத்து, ஓடையைக் கடந்து அக்கரை சேர்த்தார். அடுத்த மாதமே அறைக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வு என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

அக்காவின் கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பீட்டாளர். நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, எது எப்படி நொறுங்கிற்று என்று எழுதுவது அவர் உத்தியோகம். நேரான சாலையைக் காட்டினாலும் அதில் எந்த இடத்தில் யார் மோதுவார்கள் என்றுதான் அவர் கண் தேடும். மனைவியிடம் ஒரு சுடுசொல் சொன்னவர் அல்லர். காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைப்பார். மாலையில் வாயிலில் ஸ்கூட்டரோடு நிற்பார். "தங்கமான மனுஷன்கா உங்க வீட்டுக்காரர்" என்று செவிலியர்கள் பெருமூச்சு விடுவார்கள். அக்கா மறுத்ததில்லை.

2020இல் ஓய்வு பெற்றார். ஓராண்டு வீட்டில் இருந்தார். ஒருநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒரு ஜீப் வாங்கப் போறேங்க" என்றார். கணவர் செய்தித்தாளை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார்.

"எதுக்கும்மா?"

"ரோடு இல்லாத எடத்துக்குப் போக."

"ரோடு இல்லாத எடத்துல என்ன இருக்கு?"

"ரோடு இல்ல. அதுதான்."

விற்பனைக் கூடத்தில் கழுத்துப் பட்டை கட்டிய விற்பனையாளர் வரவேற்றார். "பேஸ், மிடில், டாப்னு மூணு மாடல் இருக்கு மேடம். பார்க்க மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மிடில்ல மட்டும் நாலு வீலும் இழுக்காது."

"அப்ப அது வேஷம் போட்ட வண்டி. அதை விடுங்க, மத்ததைச் சொல்லுங்க" என்றார் அக்கா.

மிஞ்சியவை இரண்டு. பேஸ் மாடலில் இரும்புச் சக்கரம், கையால் சுழற்றும் சன்னல், தண்ணீர் ஊற்றிக் கழுவத் தக்க ரப்பர்த் தரை, இரண்டு ஏர்பேக். பாட்டுப் பெட்டிகூடக் கிடையாது. ஆனால் பெரிய கம்பிக்கு அருகில் குட்டிக் கம்பி இருந்தது. அக்கா அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். டாப் மாடலில் தோல் இருக்கை, திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, சாப்பாட்டுத் தட்டளவு திரை, ஆறு ஏர்பேக், தானாக மாறும் கியர். குட்டிக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குமிழ்.

"இன்னொரு வசதி சார்," என்று விற்பனையாளர் கணவர் பக்கம் திரும்பினார். "டாப் மாடலை உங்க போன்ல சேர்த்துக்கலாம். வண்டி எங்க இருக்கு, என்ன வேகத்துல போகுது, எல்லாம் வீட்டுல உக்காந்தே பார்க்கலாம். மேப்புல ஒரு வட்டம் போட்டு வெச்சீங்கன்னா, வண்டி அதைத் தாண்டினதும் போன் கத்தும்."

கணவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். "வட்டம்னா, எவ்வளவு பெருசு போடலாம்?"

அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் அக்கா தம் மனத்தைத் திடமாக்கிக்கொண்டார். "எனக்குப் பேஸ் மாடல் போதும்."

"ஏம்மா, ஆறு இருக்கற எடத்துல ரெண்டு போதும்ங்கறியே. மிச்சம் நாலு ஏர்பேக் உன்னைக் கடிச்சா வெக்கப் போகுது?"

"மூச்சு முட்டும்ங்க."

வீடு திரும்பியதும் கணவர் ஓர் அட்டவணை எழுதினார். நாற்பத்திரண்டு வரிசைகள். இடப்பக்கம் பேஸ், வலப்பக்கம் டாப். முதல் வரிசை ஏர்பேக். அதற்கு எதிராக எந்த வாதத்தை வைப்பது? வேகத்துக்கு எதிராகப் பேசலாம், விலைக்கு எதிராகப் பேசலாம். உயிர் பிழைப்பதற்கு எதிராக எப்படிப் பேசுவது? "எலும்பு எப்படியெல்லாம் ஒடியும்னு உனக்கு நான் சொல்லணுமா?" என்றார் கணவர். சொல்ல வேண்டியதில்லைதான். வெளிநாட்டிலிருந்து மகளும் திரையில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"அம்மா, அப்பா உனக்காகத்தானே சொல்றார்?"

"எனக்காகத்தான்டி. எல்லாமே எனக்காகத்தான்."

கடைசியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்வது. விற்பனைக் கூடத்தின் பின்புறம் மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமாக ஒரு சோதனைத் தடம் அமைத்திருந்தார்கள். முதலில் டாப் மாடல். இருக்கைப் பட்டைக்கு ஒரு மணி, கதவுக்கு ஒரு மணி, சரிவுக்கு ஒரு மணி. ஒவ்வொரு மணிக்கும் கணவர் பின்னிருக்கையில் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து பேஸ் மாடல். அக்கா குட்டிக் கம்பியை இழுத்தார். வண்டி ஒருமுறை செருமிவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கியது.

"மெதுவா! மெதுவா!" கணவர் இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டார்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னாடிதான் போகும்ங்க."

உச்சியில் ஒரு நொடி முன்கண்ணாடி முழுவதும் வானமாக நின்றது. இறங்கி வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்துக் கணவரே கைப்பிடிகளை விட்டார். "சரிம்மா. உன் இஷ்டம்" என்றார்.

பேஸ் மாடலுக்குப் பதிவுப் படிவத்தை அக்கா தம் கையாலேயே நிரப்பினார். பெயர், முகவரி, பிறந்த தேதி. தொலைபேசி என்ற கட்டத்தில், முப்பத்தைந்து ஆண்டுகளாக எல்லாப் படிவங்களிலும் எழுதியது போலவே, யோசியாமல் கணவரின் எண்ணை எழுதிக் கையொப்பமிட்டார்.

வண்டி வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து மாதங்களைப் போல அக்கா மகிழ்ந்திருந்ததை அக்கம்பக்கத்தார் கண்டதில்லை. டயர்க் காற்றை அளக்கும் கருவி வாங்கினார், இழுவைக் கயிறு வாங்கினார். வரைபடத்தை மேசையில் விரித்து, ஊருக்கு வடக்கே இருபத்து நான்காம் கிலோமீட்டரில் தார் முடியும் இடத்தைப் பென்சிலால் குறித்தார். அங்கிருந்து மண் தடம் ஒன்று குன்றைச் சுற்றி ஓர் ஏரிக்குப் போனது.

2022 சனவரியில் வண்டி வந்தது. விற்பனைக் கூடத்தின் நடுவே, சிவப்புப் பட்டுத் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ஊழியர்கள் கைதட்ட, கணவர் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தார். முதலில் தெரிந்தது கண்ணாடிக் கூரை.

"எனக்கே போன் பண்ணி உறுதிப்படுத்தச் சொன்னாங்க. அப்பவே மாத்திச் சொல்லிட்டேன்," என்றார் கணவர். "மிச்சப் பணம் என்னோடது. இத்தனை வருஷத்துல உனக்குன்னு நான் பெருசா எதுவும் வாங்கித் தந்ததில்லம்மா."

கைப்பேசித் திரையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விற்பனையாளர் படமெடுக்கத் தயாராக நின்றார். கணவர் கண்களிலும் நீர். அவ்வளவு பேருடைய மகிழ்ச்சிக்கு நடுவில் தம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். படத்தில் சிரித்தபடிதான் இருக்கிறார்.

கணவர் போட்ட வட்டம் இருபத்தைந்து கிலோமீட்டர். முதல் வியாழக்கிழமை அக்கா வடக்கே போனார். தார் முடிந்தது, குமிழைத் திருகினார், மண்ணில் இறங்கி ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். அழைப்பு வந்தது.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான். ரோடு முடிஞ்சு போச்சுன்னு காட்டுது. மேப்புல வண்டி வெறும் பச்சையில நிக்குது."

"ரோடு முடிஞ்சுதாங்க போச்சு."

"அப்ப திரும்பிடு. காபிக்குக் காத்திருக்கேன்."

திரும்பினார். அடுத்த வியாழனும் அதற்கடுத்த வியாழனும் அப்படியே. ஒருநாள் பழுது பார்க்கும் நிலையத்துக்குத் தனியாகப் போய், அந்த வசதியை நிறுத்திவிட முடியுமா என்று கேட்டார். "ஒரு நிமிஷ வேலைம்மா," என்றாள் அங்கிருந்த மெக்கானிக் பெண். "உங்க நம்பருக்கு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லுங்க." அக்கா தம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தச் செய்தியும் வரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மணி அடித்தது. கணவர்.

"ஏம்மா, என் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்கு. எதுக்கு?"

"தெரியலங்க. யாரோ தப்பா அழுத்தியிருப்பாங்க."

நேராகக் கேட்டும் பார்த்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அந்த வட்டத்தை எடுத்துடுங்களேன்" என்றார். கணவர் கோபிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, "எடுத்துடறேன்மா. எடுத்தப்புறம், நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லு" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அக்காவுக்கும் தெரியவில்லை.

சூன் மாதத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. கண்காணிப்பு வண்டிக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. தார் முடியும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கைப்பேசியை இருக்கையில் வைத்துப் பூட்டினார். மண் தடத்தில் இறங்கி நடந்தார். குன்றையே ஏறிக் கடக்கும் வண்டி ஒன்று பாதையோரம் தூங்க, அதன் உரிமையாளர் முழங்கால் வலியோடு நடந்தார். அந்த முழங்கால்களைத் தாமே படமெடுத்துப் பார்த்திருந்தமையால் அவை இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அதற்கும் போன் கத்தும். எனவே போக இருபத்தெட்டு நிமிடம், வர இருபத்தெட்டு நிமிடம். ஏரியோ நாற்பது நிமிட நடை. எட்டு மாதங்கள், வியாழன்தோறும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, குன்றின் திருப்பம் வரை போய்த் திரும்பினார். அதற்கப்பால் காற்று மட்டும் ஈரமாக வரும்.

அந்தக் குறிப்பிட்ட வியாழனன்று இருபத்தெட்டாம் நிமிடம் கடந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். கழற்றிப் பைக்குள் போட்டார். திருப்பத்தைக் கடந்து நடந்தார். ஏரி அவர் நினைத்ததைவிடச் சிறியது. பழுப்பு நீர், கரை முழுவதும் கோரை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு நீரில் நின்றார். அப்புறம் ஒரு கல்லில் அமர்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தார் முடியும் இடத்தில் வாடகைக் கார் ஒன்று நின்றது. கணவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி, வண்டியின் முகப்பில் கைவைத்து நின்றார். பூட்டிய கதவுக்குள் கைப்பேசி பதினேழு அழைப்புகளோடு கிடந்தது.

"எங்க போன?"

"நடந்தேங்க."

"வண்டி இருக்கும்போது எதுக்கு நடந்த?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போய்க் கூப்பிட்டேன்மா. எந்தத் திசையில கூப்பிடறதுன்னே தெரியல" என்றார். குரல் கம்மிப் போயிருந்தது.

வாடகைக் காரை அனுப்பிவிட்டுக் கையை நீட்டினார். "சாவியைக் குடு. உனக்குக் கை நடுங்குது. நான் ஓட்டறேன்."

அக்காவின் கை நடுங்கவில்லை. நீட்டியிருந்த கைதான் நடுங்கியது. "நானே ஓட்டறேங்க" என்றார் அக்கா. கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் அப்படி நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? சாவியை அதில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து அமர்ந்தார். பட்டையை மாட்டச் சொல்லி மணி அடித்தது. மாட்டிக்கொண்டார்.

அக்கா கடைசியாக வண்டி ஓட்டியது அன்று காலை, அந்த இடம் வரை: 2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை.