மாமா மாற்றிய கார்டு

கிராபிக்ஸ் கார்டு என்ற சொல்லை நான் முதன்முதலாக உரக்கச் சொன்னது, மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றபோதுதான். அது எப்படி இருக்கும், எதற்கு ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது வந்தால் அண்ணன் எழுந்து நிற்பான் என்பது மட்டும் தெரியும்.

அப்போது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் போகும் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பன்னிரண்டாவது முடித்த அண்ணன், ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளிகளோடு கிளம்பிப் போனான். போன ஷேர் ஆட்டோ படப்பை பக்கம் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அண்ணனுக்குக் காலில் கம்பி வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு, தினமும் எழுந்து நின்று பழகாவிட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் நிற்கவில்லை. அம்மா அழுதும் பார்த்தாள், அப்பா திட்டியும் பார்த்தார். அவன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலமானால் கம்பெனி பஸ்கள் உள்ளே விளக்கெரிய ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போகும். கம்பெனி யூனிபாரம் போட்ட வேலைக்காரப் பிள்ளைகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். வேலை கிடைத்த அவன் கூட்டாளிகளும் அதில்தான் போனார்கள். எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. பஸ்கள் வானத்திலிருந்து இறங்கி வந்து மறுபடி வானத்துக்கே போவதாக நினைத்து, தினமும் கையசைப்பேன்.

பள்ளியில் கொடுத்த லேப்டாப் ஒன்று அண்ணனிடம் இருந்தது. பார்க்க வந்த கூட்டாளி ஒருவன் அதில் ஒரு கார் கேமை ஏற்றிக் கொடுத்தான். திறந்தால் கார் ஓடவில்லை. ஒரு படம் வரும், நிற்கும், பிறகு இன்னொரு படம் வரும். அண்ணன் மூடியை அடித்துச் சாத்தினான்.

"இந்தப் படத்த ஓட்ட இதுல இருக்குற கிராபிக்ஸ் கார்டு பத்தாது. அத்த மாத்தி இந்த கேம ஓட வையுங்க. அப்பால நான் எழுந்து நிக்கிறேன். அதுவரிக்கும் எவனும் எங்கால பத்திப் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவர். போனையே தயாரிக்கிறவருக்கு லேப்டாப் எம்மாத்திரம் என்பது எங்கள் வீட்டாரின் எண்ணம். மாமாவும் அந்த எண்ணத்தைக் கெடுக்கவில்லை. "மாத்திருவோம் மருமவனே" என்று லேப்டாப்பைப் பையில் போட்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு படப்பையில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேபிள் மேல வைக்கிற கம்ப்யூட்டர்னா பழைய கார்ட கழட்டிட்டு புச்சா சொருகிடலாம் தம்பி. இதுல எல்லாம் போர்டோட போர்டா ஒட்டிக்கினு கீது. இத்த மாத்தணும்னா லேப்டாப்பையே மாத்தணும்."

"வேற வழியே இல்லையாண்ணே? பய படுத்த படுக்கையா கெடக்கான்."

"கேமுக்குள்ள செட்டிங்ஸ் இருக்கும். நெழலு, மழை, மரம் இன்னா இன்னா கீதோ அல்லாத்தையும் எடுத்துட்டுப் பாரு. ஓடுனாலும் ஓடும். ஆனா பாக்க மொட்டையா இருக்கும்."

ஒட்டியிருப்பதைப் பிரிப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நோட்டில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தண்ணீர் தொட்டு உரித்தவள் நான்.  வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய மாமா, "உள்ளத சொல்லிருவோம்ட்டி. பொய் சொல்லி என்னத்துக்கு?" என்றார்.

நாங்கள் உள்ளே நுழையும்போது குடும்ப ஜெபம் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் மற்ற எல்லாரும் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"மாமா அண்ணனோட லேப்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு மாத்திக் குடுக்க வரம் தரணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

 அப்பா தொண்டையைச் செருமினார். கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் ஒரு மன்றாட்டைப் பதிலில்லாமல் தரையில் விழவிடுகிறவள் அல்ல அவள். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சேர்ந்துகொண்டோம். மாமாவின் குரல் மட்டும் எல்லாருக்கும் பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"இன்னா மச்சான், மேலிடத்துலயே சொல்லியாச்சு. இனிமே நீ தப்பிக்க முடியாது" என்று அப்பா சிரித்தார். மாமா உள்ளதைச் சொல்லவில்லை.

மறுநாள் அவருக்கு மதிய ஷிப்ட். காலையில் முன்னறையில் துண்டை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்குரூக்களைக் கழற்றினார். அம்மா மாதா கோயில் தீர்த்த பாட்டிலோடு ஓடி வந்தாள்.

"எக்கா, இதுல தண்ணி பட்டா அம்புட்டுதான்! எம்மேல தெளிச்சிட்டுப் போ!"

அம்மா அவர்மேலேயே தெளித்தாள். மாமா பழைய பிரஷ்ஷால் உள்ளே தூசி தட்டினார். ஊதினார். மறுபடி மூடினார். பிறகு வெகுநேரம் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபிக்கிறார் என்று நான் நினைத்தேன். ஜெபித்தும் இருக்கலாம்.

லேப்டாப்பை அண்ணன் மடியில் வைத்தார். கார் ஓடியது.

நிற்காமல், திக்காமல், தண்ணீரில் காகிதக் கப்பல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வானம் ஒரே நீலமாக, மேகமே இல்லாமல் இருந்தது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. காருக்குக் கீழே நிழல்கூட இல்லை. மோட்சத்துக்குப் போகும் ரோடு இப்படித்தான் இருக்கும் என்று வாய் பிளந்து பார்த்தேன். ஒன்று மட்டும் இடித்தது.

"மாமா, மரமெல்லாம் எங்க?"

"ரோட்ட அகலப்படுத்துதாவ பிள்ள. வெட்டிட்டாவ" என்றார் மாமா, முகத்தை வைத்துக்கொண்டு.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டு முன்னாலிருந்த புளிய மரங்களும் அப்படித்தான் போயிருந்தன.

அண்ணன் சிரித்தான். கட்டிலே ஆடும்படி சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை.

"நெஜமா கார்டு மாத்திட்டியா மாமா?"

"ஓடுதுல்லா மருமவனே?"

அண்ணன் அவரையே பார்த்தான். மாமா முகத்தைத் திருப்பவில்லை. தலைமுடியில் அம்மா தெளித்த தீர்த்தம் இன்னும் காயாமல் இருந்தது.

அண்ணன் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துப் படித்தவன். அந்தக் கார்டு மாற்ற முடியாதது என்று கடைக்காரருக்கு முன்பே அவனுக்குத் தெரியும். நடக்காது என்று தெரிந்ததால்தான் அதைக் கேட்டிருக்கிறான். மரத்தையும் மழையையும் நிழலையும் யார் எடுத்துவிட்டார்கள் என்பதும் திரையைப் பார்த்த உடனே அவனுக்குப் புரிந்திருக்கும். இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைகளுக்கு மன்றாட்டுச் சொல்லிக்கொடுக்கிற காலத்தில்தான் விளங்கியது.

அன்று நான் கண்டது இவ்வளவுதான். அண்ணன் லேப்டாப்பை ஓரமாக வைத்தான். "சரி, புடி" என்று மாமாவிடம் கையை நீட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கை மாமாவின் தோளிலும் ஒரு கை ஜன்னல் கம்பியிலுமாக எழுந்து நின்றான். அவனுக்குக் கால் நடுங்கியது. மாமா அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, சீக்கிரம் வா! கார்டு நல்லா வேலை செய்யுது!"