மூச்சுத் தெரியும் போர்வை

அந்த மார்கழியில் புயல் எங்கள் பக்கம் கரையேறவில்லை. தள்ளிப் போய்விட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அது விட்டுப் போன காற்றுத்தான் எங்களைப் பிடித்தது. விசுவமடுவில் நாங்கள் மழைக்குப் பழகியவர்கள். முற்றத்துக்குள் வெள்ளம் வந்தாலும் சாமான்களை மேசைமேல் ஏற்றிவிட்டு இருக்கத் தெரியும். அப்படியொரு குளிர்க் கூதலைத்தான் நாங்கள் கண்டதில்லை. வயல்வெளியால் வந்த காற்று ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த நீக்கலால் புகுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து எழும்புவது போல இருந்தது.

போர்வை என்று சொல்லக்கூடிய ஒன்று அப்போது எங்கள் வீட்டில் இல்லை. என் கணவர் கட்டியிருக்கும் சாரத்தையே கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார். நான் பழைய நூல் சேலையொன்றை இரண்டாக மடித்துப் போர்ப்பேன். வருடத்தின் பெரும்பகுதி வியர்த்துக்கொண்டு படுக்கிற ஊரில் அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. நான் முன்பள்ளி ஆசிரியை. அவர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறார். எங்கள் வயலையும் உழுது, கேட்கிறவர்களுக்கும் உழுது கொடுப்பார். ஒரே மகள் கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கூதல் தொடங்கிய மறுநாள் காலையில் பக்கத்து வளவுக்காரர் படலையடியில் வந்து நின்று என் கணவரைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாடுகள் என்றார். இரவு முழுக்க வெட்டைவெளியில் மழையோடு நின்ற மாடுகள் விழுந்து கிடக்கின்றன, இழுக்க உழவு இயந்திரம் வேண்டும் என்றார். கணவர் சட்டையும் போடாமல் போனார். நானும் பின்னால் போனேன்.

போயிருக்கக் கூடாது. வரம்போரமாக, ஒன்றை ஒன்று அண்டிக்கொண்டு விழுந்து கிடந்தன. கண்கள் திறந்தபடி இருந்தன. ஒரு பசு உயிரோடு இருந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. யாரோ சாக்குகளைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார்கள். வைக்கோல் நனைந்திருந்ததால் நெருப்புப் பற்றவில்லை. நான் அதன் கழுத்தைத் தொட்டேன். அந்தக் குளிர் என் கையில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு தோலும் தசையும் உள்ள சீவனுக்கே இந்தக் கதியென்றால் மனிசருக்கு என்ன நடக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பு என்னை விடவில்லை.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது உதடு கறுத்திருந்தது. பல் கிடுகிடுத்தது. தலையைத் துவட்டி, மல்லி அவித்துக் கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்தேன். சாரங்கள், சேலைகள், கடைசியில் யன்னல் திரைச்சேலையையும் கழற்றி அவர்மேல் அடுக்கினேன். படுத்த கையோடு நித்திரையாகிவிட்டார். உடனே குறட்டை தொடங்கியது. அவருடைய குறட்டை எங்கள் ஒழுங்கை முழுக்க அறிந்த சங்கதி. மகள் சின்னவளாக இருந்தபோது அப்பா நித்திரையிலும் உழுகிறார் என்று சொல்லிச் சிரிப்பாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் நானும் நித்திரை கொண்டேன். அது கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு அது நின்றது.

பகல் வெளிச்சத்தில் அவர் நித்திரை கொள்வதை நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லையா, அத்தனை துணிக்குக் கீழே அசைவது தெரியவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை. காத்திருந்தேன். வெளியே காற்று மட்டும் கேட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பும்போது, தண்ணீருக்குள் அமிழ்ந்தவர் மேலே வருவது போல ஒரு பெரிய இழுப்பு இழுத்தார். உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடியும் குறட்டை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்த நிற்பு. பொழுது சாயும்வரை கட்டிலடிக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். குளிர் அவருடைய நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் மழை விட்ட நேரம் பார்த்துப் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன். ஊர் முழுக்க அன்று அதே எண்ணத்தோடு வந்திருந்தது. புடவைக்கடையில் பெண்கள் போர்வைக்கு இழுபறிப்பட்டார்கள். பழக்கமான கடைக்காரர் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"மெல்லிசா வேணுமெண்டா நிறையக் கிடக்கு அக்கா. மொத்தமானதெல்லாம் காலமையே முடிஞ்சுது."

பிறகு உள்ளே போய் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுச் சாமான், ஆட்டுக்குட்டி மாதிரி மயிர் வைத்தது. ஒன்றில் பெரிய புலி வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. கொழும்பிலே எல்லாரும் போர்க்கிறார்கள், வெறும் படம்தானே என்று கடைக்காரர் மெல்லச் சொன்னார். அதை எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போடுவதை நினைத்துப் பார்த்தேன். றோட்டால் போகிற ஆமி வாகனங்களை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பயத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக என்னால் ஏலாது. சிவப்பு ரோசாப்பூப் போட்ட மற்றதை எடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபோது, இது மட்டும் இருந்தால் அவர் பிழைத்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

அவருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. முகத்தை அதில் தேய்த்துப் பார்த்தார். மூக்குவரை இழுத்துப் போர்த்தார். எனக்குத்தான் அந்தப் போர்வை எமனாக வாய்த்தது. அது மெத்தை போல மொத்தம். அதற்குக் கீழே ஒரு மனிதர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று வெளியே ஒன்றும் தெரியாது. குறட்டை நிற்கும் ஒவ்வொரு தடவையும் விழித்துக்கொள்வேன். விரலை மூக்கடியில் வைத்துப் பார்ப்பேன். விரலே விறைத்திருப்பதால் சுவாசம் படுவதும் தெரியாது. போன் வெளிச்சத்தை அடித்து, ரோசாப்பூவில் ஏதாவது ஒரு இதழ் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போர்வையை ஒரே இழுவையில் உரித்துவிட்டேன். பனியன் வியர்வையில் தோய்ந்திருந்தது. அவர் திடுக்கிட்டு எழும்பினார்.

"என்ன செய்யிறீர்? விசர் பிடிச்சிட்டோ?"

மூச்சு நின்றுவிட்டது என்றேன்.

"மூச்சு நிண்டா நான் எப்பிடி உம்மோட இப்ப கதைக்கிறன்?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூதல் விட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு கூதல் விட்டது. எதுவும் சரியாகவில்லை. நான் கவனிக்கத் தொடங்கியதால் பகலிலும் பலதைக் கண்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தலை சரிந்து தூங்குவார். கோயிலில் பூசை நடக்கும்போது தூணில் சாய்ந்து கண் மூடுவார். எப்போதும் தலையிடி என்பார், சின்னக் கதைக்கும் சினப்பார். வயது போகிறது என்று அவர் சொன்னார். ஒரு நாள் முற்பகலில், வெட்டிய நெல்லை ஏற்றப் போன உழவு இயந்திரம் வாய்க்காலுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது என்று செய்தி வந்தது. நான் பிள்ளைகளை மற்ற ஆசிரியையிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஓடினேன். அவர் வாய்க்கால் கரையில் குந்தியிருந்தார். காயம் ஒன்றுமில்லை. பாதை ஈரம், வழுக்கிவிட்டது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதையைப் பார்த்தேன். அது காய்ந்து வெடித்திருந்தது. சில்லுத் தடம் எங்கும் வளையாமல், பிரேக் பிடித்த அடையாளம் ஒன்றும் இல்லாமல், நேராக வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. அவருக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டேன். அன்று பின்னாலிருந்த இழுவைப் பெட்டியில் யாராவது ஏறியிருந்தால் என்பதை என்னால் முழுதாக நினைக்கவே முடியவில்லை.

அன்றிரவு போனில் ஒலிப்பதிவைப் போட்டு அவருடைய தலகணிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து அவர் குசினிக் கதிரையில் இருந்தபோது அதைப் போட்டுக் காட்டினேன். குறட்டை கேட்டதும் சிரித்தார். இந்தச் சத்தத்தோடா நீர் இவ்வளவு காலமும் படுக்கிறீர் என்றார். பிறகு சத்தம் நின்றது. சிரிப்போடு என்னைப் பார்த்தார். போன் நின்றுவிட்டதாக்கும் என்று குனிந்து பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூரத்தில் நாய் குரைப்பதும், நான் புரண்டு படுக்கிறபோது கட்டில் கிறீச்சிடுவதும் தெளிவாகக் கேட்டன. அவர் மட்டும் அதற்குள் இல்லை. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பதிவிலே அந்த இழுப்புக் கேட்டபோது, கதிரையில் இருந்த மனிதரும் தன்னையறியாமல் மூச்சை இழுத்தார்.

"நிப்பாட்டும்" என்றார்.

நான் நிறுத்தினேன். அதுவரை எனக்குத் துணையாக அவர் பயப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அவருடைய முகத்தில் அந்தப் பயத்தைக் கண்டதும், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், வாய்க்காலுக்குள் இறங்கியது தனக்குத் தெரியாது, தண்ணீர் காலில் பட்ட பிறகுதான் முழித்ததென்று.

கிளினிக்கில் இருந்த டொக்டர் எங்கள் மகளின் வயதுப் பெண்பிள்ளை. பதிவைக் காதோடு வைத்துக் கடைசிவரை அவா கேட்டா. நான் கூதலில் தொடங்கி, மாடுகள் செத்தது, போர்வை வாங்கியது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"கூதலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அம்மா. நித்திரையில தொண்டை தளர்ந்து மூச்சுப் போற வழியை அடைக்குது. ஐயாவுக்கு இது கனகாலமா இருந்திருக்கும்."

கனகாலமாக என்ற சொல்தான் என்னைக் கலக்கியது. அப்படியென்றால் நான் நிம்மதியாக நித்திரை கொண்ட வருடங்கள் முழுக்க, எனக்குப் பக்கத்தில் இது நடந்திருக்கிறது. டொக்டர் பலதையும் சொன்னா. மல்லாந்து படுக்கக் கூடாது, உடம்பு குறைய வேண்டும், பின்னேரத்துக் கள்ளை நிறுத்த வேண்டும், இது சரிவரும்வரை உழவு இயந்திரம் ஓட்டக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பரிசோதனைக்கும் எழுதித் தந்தா. எந்தப் போர்வை நல்லது என்று நான் கேட்டதற்கு அவா சிரிக்கவில்லை. மூச்சு நிற்பது போர்வையால் இல்லை. ஆனாலும் வியர்த்துப் புழுங்கினால் உள்ள நித்திரையும் கெட்டுவிடும், மொத்தமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது, வெக்கையென்றால் ஒன்றை எடுத்துவிடலாம், எதைப் போர்த்தாலும் மூக்குக்கு மேலே வரவிடாதீர்கள் என்றா.

அன்றே அந்தப் புடவைக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை இழுபறி இல்லை. பருத்திப் போர்வைகள் முழுவதையும் மேசையில் போடச் சொன்னேன். ஒவ்வொன்றாக விரித்து, ஒரு கையில் தொங்கவிட்டு, மெல்ல ஊதிப் பார்த்தேன். சிலது மரக்கட்டை மாதிரி நின்றன. ஒன்று மட்டும் என் சுவாசத்துக்கு எழும்பி இறங்கியது. மங்கல் வெளிச்சத்திலும் தெரியவேண்டும் என்று வெள்ளையாகவே கேட்டேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கூதலுக்கு வாங்கிறியளோ, நுளம்புக் கடிக்கு வாங்கிறியளோ?"

மூச்சுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வகையில் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

ரோசாப்பூப் போர்வையை இறுக்கிச் சுருட்டி, கயிற்றால் கட்டி, பழைய தலகணி உறையைப் பிரித்து அதன்மேல் தைத்தேன். அது அவருடைய முதுகுக்கு அணையாகியது. மல்லாந்து புரள விடாது. முதலில் முனகினார், பிறகு பழகிக்கொண்டார். உழவு இயந்திரத்தைத் தம்பி முறையான ஒருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தது அவருக்குப் பெரிய வேதனை. கள்ளை விட்டார். காலையில் குளக்கட்டால் நடந்தார். பரிசோதனைக்கு முறை வர மாதங்கள் சென்றன. அந்த மாதங்களில் நான் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டே கண் மூடினேன். தோளடியில் அது எழும்பும், இறங்கும். சில நேரம் நிற்கும். நின்றால் தோளைத் தொடுவேன், எழும்பும். முன்னர் போல அடிக்கடி நிற்பதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் அதைத்தான் சொன்னார்கள். இப்போதைக்கு நித்திரையில் மூச்சுக்கு உதவும் இயந்திரம் தேவையில்லை, இப்படியே உடம்பைக் குறைத்து வாருங்கள், கிளினிக்கை விடாதீர்கள் என்றார்கள். பிறகு அவர் மறுபடி உழவு இயந்திரத்தில் ஏறினார். முதல் நாள் நான் பெட்டியில் ஏறிக்கொண்டு வயல்வரை போனேன்.

அடுத்த மார்கழி அவ்வளவு கூதலாக இருக்கவில்லை. ஒரு விடியற்காலை கண் விழித்தபோது, அவர் கட்டிலில் எழும்பிக் குந்தியிருந்தார். வெளிச்சம் யன்னலால் வரத் தொடங்கியிருந்தது. அவருடைய விரல் என் மூக்கடியில் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"நீர் அசையாமல் கிடந்தனீர்" என்றார். "கூப்பிட்டன், எழும்பேல்லை."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் ஆழ்ந்து நித்திரை கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு மூச்சு நான் விடும்வரை அப்படியே வைத்திருந்தார்.