வாரேனுங்க

மேகம் கறுத்தாலே எங்கள் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்காது. மேல்தொட்டியை நிரப்புவாள், செல்போன்களைச் சார்ஜில் போடுவாள், டார்ச் லைட்டைத் தட்டிப் பார்ப்பாள். அன்னூர்ப் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். இந்த ஏற்பாடுகளைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே அம்மாவின் தம்பி, என் அருமை மாமா, எங்களோடு இருந்தார்.

அந்த வருடம் மாமா ஒரு பழைய ஜெனரேட்டரை வாங்கிவந்தார். அதன் வயரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வரும். ஆனால் மெயினை அணைக்காமல் ஓட்டினால் அது மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் ஏறிவிடும். இது அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும். மாமாவுக்கு அதுவும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளை முறிந்து விழுந்து கரண்ட் போயிற்று. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினார். என் கார்ட்டூனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மாமா வயரைச் செருகிவிட்டார்.

"கம்பத்து மேல ஆளு இருக்கறாரு. அவரு போனதுக்கப்பறம் போடு கண்ணு" என்றாள் அம்மா. பார்த்துவர என்னை அனுப்பினாள்.

கேட் வரைதான் போனேன். கம்பத்தை வேப்பமரம் மறைத்திருந்தது. "சரிங்க, வாரேனுங்க" என்ற லைன்மேனின் குரல் மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. வாரேன் என்றால் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். திரும்பி ஓடினேன்.

"போயிட்டாருங்மா."

மாமா கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. அம்மா கேட்டாள்: "நீ கண்ணுல பாத்தியா?"

"வாரேன்னு சொன்னாருங்மா."

அம்மா தெருவுக்கு ஓடினாள். கம்பத்தடியில் அவருடைய செருப்புகள் கிடந்தன. மேலே அவர் கம்பியைக் கையில் பிடித்தபடி, தோளில் செல்போனை இடுக்கி ஆபீசில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வீட்டுக்குள் ஓடிவந்த அம்மா வயரைப் பிடுங்கி எறிந்ததும் மாமாவின் மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் கிளம்பியதும் ஒன்றாகவே நடந்தன.

அம்மா யாரையும் திட்டவில்லை. வேலை முடிந்து இறங்கிய லைன்மேனை உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

"உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்க?"

"ஒரே பொண்ணுங்க. இந்தக் கண்ணு வயசுதான் இருக்கும்" என்று அவர் என் தலையைத் தொட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா விருட்டென்று எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கார்ட்டூனைப் பறிகொடுத்தவள் நான். மாமாவுக்கு என்ன கோபம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.