இரண்டு கிட்டாருக்கு ஒரு பொட்டி

செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் நின்றுகொண்டு கிட்டார் கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்ததுபோலச் சுருக்கென்று இழுக்கும்; அதோடு எதிரே அலமாரியில் இருக்கும் டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரிலிருந்து வீடு முழுக்கக் கொசு புகுந்துவிட்டதுபோல ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். மைக் சொருகுவதற்காக அந்த டேப் ரெக்கார்டரில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்காக நானும் அம்மாவும் அடித்துக்கொண்டதுதான் என் பதிமூன்றாம் வயதின் பெரிய கதை.

கள்ளக்குறிச்சியில் ஒரு டைலர் வீட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அம்மாவின் தம்பி முரளி மாமா வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார எண்ணெய்க் கம்பெனி அதிகாரியிடம் டிரைவராக இருந்தார். அந்த அதிகாரி ஊரைக் காலி செய்து போகும்போது, யாருக்கும் வேண்டாத இரண்டு வாத்தியங்களை மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒன்று சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார். இன்னொன்று மேசைமாதிரி நான்கு கால்களில் படுத்துக்கிடக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துக் கம்பிகள், கீழே மிதிப்பதற்கு இரும்புப் பெடல்கள், முழங்காலால் தள்ளுவதற்கு லீவர்கள். இடது கையில் வழவழப்பான ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின்மேல் இழுத்தபடியே வாசிக்க வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு ‘இஸ்திரி கிட்டார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தங்கச் சங்கிலி வரும் என்று காத்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் மாமா இந்த இரண்டையும் பிரித்துவைத்து, “ஆம்ப்ளிஃபயர் ஒண்ணும் இருந்துச்சுக்கா, வெயிட்டு ஜாஸ்தின்னு அங்கியே வுட்டுட்டேன்” என்றார்.

கிட்டாரை நான் எடுத்துக்கொண்டேன். மேசையை யாரும் தொடவில்லை. அம்மா அதன்மேல் வெட்டிய துணிகளை அடுக்கிவைத்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் துணியை எடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, சும்மா காலை வைத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் திருப்பூரில் பவர் தையல் மிஷினில் வேலை செய்தவள். பாதத்தால் ஓட்டிக்கொண்டே முழங்காலால் ஒரு கம்பியைத் தள்ளி ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்பைத் தூக்குவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. கையில் இரும்பை வைத்து ஒரு கம்பியை மீட்டி, பெடலை மிதித்தாள். ஒலி வளைந்து, மேலேறி, இன்னொரு ஒலியோடு போய் ஒட்டிக்கொண்டது. அம்மா கையை எடுத்துவிட்டாள். பிறகு மறுபடியும் மிதித்தாள். அன்றைக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகள் தைக்கப்படவே இல்லை.

அப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் ஒயர் அவளிடம் இருக்கும். அவள் சோறு வடிக்கப் போனால் நான் பிடுங்கிக்கொள்வேன். கேசட்டில் கேட்ட சினிமாப் பாட்டை அவள் ஒரு பக்கம் தேடுவாள், நான் ஒரு பக்கம் தேடுவேன். அந்த நேரத்தில்தான் மாமாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. கச்சிராயபாளையத்து மண்டபத்தில் வரவேற்புக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், அக்காவும் மலரும், அதாவது நானும், வாசித்தால் போதும் என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்பாவின் அக்கா, என் அத்தை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால இஸ்திரி போடப் போறாளா இவ?” அம்மாவின் முகம் சிவந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். “ஆம்ப்ளிஃபயர் பொட்டி ஒண்ணு வாங்கித் தரேன். ஒண்ணுதான். ரெண்டு பேரும் ஒத்துக்கினு எதுன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒத்துக்கொள்வதா! கடைவீதியில் பழைய மைக்செட் சாமான்கள் விற்கும் பாய் கடையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. நான் கிட்டாரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினேன். அடடா! ஒலி மணல் தூவினாற்போலக் கரகரவென்று கிழிந்துகொண்டு வந்தது; வயிற்றுக்குள் யாரோ பட்டாசு கொளுத்தியதுபோல இருந்தது எனக்கு. கடைக்கு வெளியே சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அடுத்து அம்மாவின் முறை. அவள் தடித்த கம்பியைத் தொட்டதும் பெட்டி உறுமியது. பெடலை மிதிக்க மிதிக்க, தேனாக வழிய வேண்டிய ஒலி தொண்டை கட்டியதுபோலக் கத்தியது. இரண்டு ஒயரையும் ஒன்றாகக் கட்டி அதன் ஒரே ஓட்டையில் சொருகிப் பார்த்தோம். எல்லாம் கலந்து கூழாகிவிட்டது, எது என்னுடையது எது அவளுடையது என்றே தெரியவில்லை.

“இது வேணாம்” என்றாள் அம்மா.

நான் அங்கேயே அழுதேன். பாய் பாவப்பட்டு, “பெருசு ஒண்ணு இருக்குதும்மா. நான்தான் சங்கராபுரம் ஆர்கெஸ்ட்ராகாரங்களுக்கு வாங்கிக் குடுத்தேன். இப்ப மலைமேல கரியாலூர்ல, பஜ்ஜிக் கடைல பாட்டுப் பாடிக்கினு கெடக்குது. போய்ப் பாருங்க” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினோம். ஸ்டீல் கிட்டாரின் நீளப் பெட்டியைப் பின்சீட்டு ஓரத்தில் மாமா நிறுத்திப் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் இது, பொணப்பொட்டியாட்டம்?” என்று கேட்ட கண்டக்டரிடம் அம்மா கண் சிமிட்டாமல், “தையல் மிஷினுங்க” என்றாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பெட்டி ஒரு பக்கம் சாய, மாமா கட்டிப்பிடிக்க, நானும் அம்மாவும் சண்டையை மறந்து சிரித்துக்கொண்டே போனோம்.

அருவிக்குப் போகும் வழியில் இருந்தது அந்தக் கடை. சாந்தி அக்கா என்று ஒருவர். முன்பு அந்த ஆர்கெஸ்ட்ராவில் பாடியவர். கணவர் கீபோர்டு வாசித்தவர். குழு கலைந்த பிறகு இரண்டு பேரும் மலைக்கு வந்து, சுற்றுலாக்காரர்களுக்குப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரத்துக்கு அந்தப் பெட்டி நின்று பாடிக்கொண்டிருந்தது. “எடுத்துக்கினு போங்கம்மா, புண்ணியமாப் போவும். இது பாடறதுல யாரு எத்தினி பஜ்ஜி கேக்கறாங்கன்னே காதுல வுழல” என்றார் சாந்தி அக்கா.

மாமா கால்களைத் திருகி மாட்ட, அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஒயரைச் சொருகினாள். அவ்வளவு தடித்த கம்பியையும் அந்தப் பெட்டி அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டது. ஒலி சிதறவே இல்லை. மெதுவாகக் கிளம்பி, வளைந்து, நீண்டு, மரங்களுக்குள் போய்க்கொண்டே இருந்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. என் கிட்டார் அதில் சப்பென்று ஒலித்தது. கரகரப்பு இல்லை, பட்டாசு இல்லை; உப்பில்லாத கஞ்சி.

“எனக்குப் புடிக்கல” என்றேன்.

“எனக்குப் புடிச்சிருக்குது” என்றாள் அம்மா.

“நீ பெரியவதானே? வுட்டுக் குடுக்கக் கூடாதா?”

எங்கள் வீட்டில் மீனின் நடுத்துண்டு எனக்குத்தான். புதுத்துணி முதலில் எனக்குத்தான். கேட்டால் அம்மா கொடுத்துவிடுவாள் என்பது எனக்குச் சூரியன் உதிப்பதுபோல நிச்சயமான விஷயம். அம்மா கம்பியை மீட்டுவதற்காக விரலில் மாட்டியிருந்த உலோக நகங்களைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள்.

“இத்தினி நாளா எல்லாத்தயும் குடுத்துக்கினுதான இருக்கறேன். இத மட்டும் குடுக்க மாட்டேண்டி.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது வேறு என்னவோ. தனக்கு ஒன்று வேண்டும் என்று அம்மா சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. யாரோ ஒரு புதுப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாந்தி அக்காதான் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். “ரெண்டு பேரும் ஒண்ணா வாசிச்சிப் பாத்தீங்களா?”

“பாய் கடையில பாத்தோம். கூழாப் போச்சு.”

“அது அந்தப் பொட்டிம்மா. இதுல ரெண்டு ஓட்டை கீது பாருங்க.”

அப்போது எல்லாப் பஸ்ஸிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டை எடுத்தோம். நான் தாளத்துக்குத் தட்டிக்கொண்டே போக, அம்மா மேலே இழுத்தாள். முதல் வரியிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. அதன்மேல் அவள் ஒலி வழுக்கிக்கொண்டு போவதும் கேட்டது. வீட்டில் ஒரே ஓட்டைக்கு அடித்துக்கொண்டிருந்ததில் நாங்கள் அதுவரை ஒரு பாட்டைக்கூட முழுசாகச் சேர்ந்து வாசித்ததே இல்லை! தனியாகக் கேட்டபோது சப்பென்றிருந்த என் கிட்டார், அம்மாவோடு சேர்ந்ததும் அவள் நடப்பதற்குத் தரைபோட்டதுமாதிரி ஆகிவிட்டது. சாந்தி அக்கா மாவுக்கையைத் துடைக்காமலே பாட ஆரம்பித்தார். அவர் கணவர் எண்ணெய்ச் சட்டியை மறந்தார். ஒரு ஈடு பஜ்ஜி முழுக்கக் கருகிப்போனது. யாரும் பஜ்ஜி கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் அருவிக்குப் போக வந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்து, கேள்வி கேட்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். நான் தலையாட்டினேன். இறங்கும் பஸ்ஸில் அந்தப் பெட்டியின்மேல்தான் உட்கார்ந்து வந்தேன்.

கச்சிராயபாளையத்து மண்டபத்தில் அம்மா பட்டுப்புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டுக்குக் கொஞ்சம் பேச்சுச் சத்தம் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. பெண் வீட்டுக் குழந்தைகள் மேடையோரம் வந்து குந்திக்கொண்டு அம்மாவின் கால்களையே பார்த்தன. பந்திக்கு எழுந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மூன்றாவது பாட்டு முடிந்தபோது அத்தை மேடைக்கு ஏறி வந்தாள். அவள் அம்மாவின் காதருகே குனிந்து, “அந்த மொதப் பாட்ட இன்னொரு தபா வாசி. நான் பேசிக்கினே இருந்துட்டேன்” என்றாள். அம்மா இரும்பைக் கையிலெடுத்தாள். வாசித்தாள்.

மாமா மறுபடி வளைகுடா போனதும் எனக்கு ஒரு சின்னத் தகர டப்பா அனுப்பினார். காலால் மிதித்தால் கிட்டாரில் கரகரப்பு வரும். அம்மாவின் ஒலியைத் தொடாது. முதல் தடவை அதை மிதித்துக் காட்டியபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “இதுக்கா அவ்ளோ அழுத?” என்று சிரித்தாள். அதன்பிறகு பள்ளி விழா, வளைகாப்பு, பிறந்தநாள் என்று அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நாங்கள் போகாத தெரு இல்லை.

பெட்டியின் ஸ்பீக்கர் பின்னாளில் ஒரு மழைக்காலத்தில் நைந்து கிழிந்துவிட்டது. எடைக்குப் போட்டோம். பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கரியாலூர்ச் சாலையில் அந்தப் பஜ்ஜிக் கடையும் இல்லை. சாந்தி அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் சேலத்தில் வேலையில் இருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி வாங்கிக்கொண்டேன்; அதற்குள் நூறு ஆம்ப்ளிஃபயரின் ஒலிகள் இருக்கின்றன. அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு அவள் ஒலி, எனக்கு என் ஒலி. யாரும் யாருக்கும் எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரே அறையில் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வெகுநேரம் வாசித்தோம். ஒரு பாட்டு எனக்கு மிக நன்றாக வந்தது. சந்தோஷத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். அறையில் சத்தமே இல்லை. பெடல்கள் ஏறி இறங்கும் டக், டக் என்ற ஒலி மட்டும். கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்காத எதையோ அம்மா இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் கழற்றினாள்.

“இன்னாடி வாசிச்ச இப்ப?” என்று கேட்டாள்.