வம்சவரலாறும் ஒரு சுண்டுவிரலும்

இயேசுவின் வம்சத்தை விரல்விட்டு எண்ண, ரத்தினம் அண்ணாச்சி வலது கையை மத்தேயு சுவிசேஷத்துக்கும் இடது கையை லூக்கா சுவிசேஷத்துக்கும் கொடுத்துவிட்டார். டீ கிளாஸைப் பிடிக்கக் கை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மிக்ஸி ரிப்பேர்க்கடை வைத்திருக்கும் பாரூக், சனிக்கிழமை தவறாமல் கேட்கும் கேள்விக்கு இந்தச் சனிக்கிழமையும் பதில் நடக்கிறது.

“யோசேப்புக்கு அப்பா யாக்கோபுன்னு ஒருத்தர் எழுதுதாரு, ஏலின்னு இன்னொருத்தர் எழுதுதாரு. ஒரு ஆளுக்கு எத்தனை அப்பா, அண்ணாச்சி?”

“செத்த நேரம் பொறும் பாய்.”

தாவீதில் கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டி நின்றன. வலப்பக்கம் சாலொமோன், இடப்பக்கம் நாத்தான் என்று வம்சம் பிரிந்தது. சலாத்தியேல், சொரொபாபேல்... நாக்கு எங்கும் இடறவில்லை. கடைசியில் சுண்டுவிரல்கள் யோசேப்பில் வந்து கோத்துக்கொண்டன.

“ஏலி பிள்ளையில்லாமச் செத்துப்போனாரு. அவரு கூட ஒரே தாய் வயித்துல பொறந்த யாக்கோபு, அவரு பொஞ்சாதியக் கட்டிக்கிட்டாரு. அதுல பொறந்தவருதான் யோசேப்பு. பெத்தவரு ஒருத்தரு, பேருக்கு ஒருத்தரு. ரெண்டு பேரும் அப்பாதான். இதுல ஒமக்கு என்ன கொழப்பம்?”

“எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நீரு சொல்லி முடிக்கதுக்குள்ள டீ ஆறிப்போவுது. அதான் வருத்தம்.”

அண்ணாச்சிக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. கட்டிங் மிஷின் பார்க்கிறார். புருவத்தில் எப்போதும் பஞ்சுத் தூசி இருக்கும். வேதத்தில் முரண்பாடு என்று யாராவது சொன்னால் காயத்தைக் கண்ட மாதிரி பதறிப்போவார்; கட்டுப் போடாமல் விடமாட்டார். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், இரண்டு மொழிகளில் படித்து நான் சேர்த்துவைத்த சந்தேகங்களும் அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறும்.

போன வருஷம் அவர் மகன், தேவதானத்து வெள்ளத்தாயைக் கட்டினான். புருஷனை இழந்தவள், ஆறு வயதில் ஒரு மகள், முனீஸ்வரி. அண்ணாச்சி தடுக்கவில்லை. மண்டப வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்றார். ஆனால் ஞாயிறு சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, பேருக்கொரு விரல் மடக்குவது அவர் வழக்கம். மகள்கள் பெற்ற நாலு பேரோடு ஆமென் வந்துவிடும்.

முனீஸ்வரிக்கு ஏன் விரல் மடங்கவில்லை என்று கேட்டேன். “அந்தப் பேரு ஜெபத்துல நாக்குல நிக்க மாட்டேங்கு” என்றார், சொரொபாபேலைச் சொன்ன அதே நாக்கால்.

போன வாரம் சோற்றுத் தட்டை வைத்தபடியே மருமகள் சொல்லிவிட்டாளாம்: “பாய்க்குச் சொல்லுத நியாயம் நம்ம வீட்டுக்கும் உண்டா மாமா? வார ஞாயித்துக்கெழமையும் எம்பிள்ள பேரு வரலன்னா, நான் அவளக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பொறவு கூப்புட வராதீக.”

அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கதவோரம் ஒரு துணிப்பை. முனீஸ்வரி அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஜெபத்தில் மனம் செல்லவில்லை. அண்ணாச்சி கண்ணை மூடி மழைக்காகவும், கம்பெனி ஆர்டருக்காகவும், பாரூக்கின் மனக்கண் திறக்கவும் நிதானமாக மன்றாடினார். பிறகு பேரப்பிள்ளைகள். கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.

“ஜெபசிங், ஜாய்ஸ், பெனிட்டா, கெவின்...”

சுண்டுவிரல் மட்டும் தனியே நின்றது. தொண்டையைச் செருமினார். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பையைப் பார்த்தார். உதடு அசைந்தது; பேர் யார் காதிலும் விழவில்லை. பிறகு இடது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கினார். ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்த பிறகும், அது மறுபடி நிமிர்ந்துவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.